அதிகாரம்

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடக்கும். நீல நிற மயில்துத்தக் கரைசல் ஊற்றிய சிறு கண்ணாடிக் குவளை மேசைமேல் இருக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்கள். சொட்டு நேராக அடிக்கு இறங்கினால் ரத்தம் கொடுக்கலாம். தயங்கி மிதந்தால் கொடுக்க முடியாது. ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பழைய, மலிவான வழி அது.

2022-ல் முகாமின் பொறுப்பு எனக்கு வந்தது. எங்களுடையது மகளிர் கல்லூரி. வரிசையில் நின்ற 40 பேரில் படுக்கை வரை போனவர்கள் 11 பேர்தான். 45 கிலோ எடை இல்லை என்று சிலர் முதலிலேயே திரும்பினார்கள். மற்றவர்களின் ரத்தம் மிதந்தது. திரும்பியவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "மேம், எனக்கு ரத்தமே இல்லையாம்!" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் வந்தவள், "உனக்காவது மிதந்துச்சு, எனக்கு நீச்சலே அடிச்சுது" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

ரத்தம் கொடுத்தவர்களுக்குச் சான்றிதழும் பழச்சாறும் கிடைத்தன. திரும்பியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் மிதந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முகாம் அறிக்கையில் "11 யூனிட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பிப் போன 29 பேரை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

இந்தக் கட்டுரையில் எந்த மாணவியின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

அடுத்த ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பெண்களின் ரத்தசோகைக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். கல்லூரிகளில் மாணவிகளே நடத்தும் கிளைகளை அவர்கள் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். "நம்ம காலேஜ்ல ஆரம்பிக்கலாமா மேம்?" என்றாள். 29 பேரின் சிரிப்பு எனக்கு நினைவு வந்தது. சரி என்றேன்.

அவர்கள் அனுப்பிய கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் கிளைக்குப் பெயர் 'சாப்டர்'. ஆர்வமுள்ள மாணவிகள் பதினைந்து பேரை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். "நம் கல்லூரியில் ஒரு சாப்டர்" என்றதுமே சிரிப்பு கிளம்பியது. "மேம், சாப்டர்னா க்ளோஸ்தானே ஆகும்?"

தமிழ்ப் பேராசிரியையிடம் சொல்லுக்குப் பஞ்சமா? இயல், படலம், காதை, அத்தியாயம் என்று அடுக்கினேன். கம்பனில் படலம், சிலம்பில் காதை, குறளில் அதிகாரம் என்று வகுப்பே எடுத்துவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதிகாரம்னே வைங்க மேம். நமக்கு வேற எதுல அது இருக்கு?"

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கையேட்டை மொழிபெயர்த்தபோது 'சாப்டர்' வந்த இடத்தில் எல்லாம் 'அதிகாரம்' என்று எழுதினேன். சொல்லின் இன்னொரு பொருளை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன். அது யாருடைய அதிகாரம் என்று அப்போது யோசிக்கவில்லை.

கையேடு கேட்டது அதிகமில்லை. இரண்டு மாணவத் தலைவர்கள், ஆலோசகராக ஓர் ஆசிரியர், முதல்வரின் அனுமதிக் கடிதம். தலைவர்களை மாணவிகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தது. நான் தேர்ந்தெடுத்தேன். நன்றாக ஆங்கிலம் பேசுகிற, கல்லூரி விழாக்களைத் தொகுத்து வழங்குகிற மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி. அவளுக்குத் துணையாக அவள் தோழி. இருவரும் கெட்டிக்காரிகள். நான் சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தார்கள். அதைத்தான் தலைமைப் பண்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொடக்க விழா நடந்தது. குத்துவிளக்கு, ஃபிளெக்ஸ், பொன்னாடை, நாக் குழு வரும்போது காட்டுவதற்குப் புகைப்படங்கள். சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். "நீங்க நாளைய தாய்மார்கள். நீங்க ஆரோக்கியமா இருந்தாத்தான் ஆரோக்கியமான குழந்தை பொறக்கும்." மாணவிகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகுதான் உறுத்தியது. பள்ளியில் இவர்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தந்தார்கள். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது. இனி ஒருநாள் இவர்கள் கர்ப்பமாகும்போது தினம் ஒரு மாத்திரை வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெட்டகம் வரும். அதில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் இருக்கும். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல் பெண்ணாகச் சேர்ந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்ற அந்த அம்மாவைப் போலக் கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? காகிதத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவளுக்கும் வார மாத்திரை உண்டு. எங்கள் மாணவிகளில் அதைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்திகூட இல்லை. பள்ளிச் சீருடையைக் கழற்றிய நாளுக்கும் வயிற்றில் பிள்ளை தங்கும் நாளுக்கும் நடுவே அவள் யாருடைய கணக்கிலும் இல்லை.

*

பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியோடு இரண்டு நாள் நடத்தினோம். விரல் குத்தும் ஊசி, பட்டை, எண் காட்டும் சிறு கருவி. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்திய அளவில் 57 சதவீதம். எங்கள் மாணவிகளிலும் பாதிக்கு மேல் 12-ஐத் தொடவில்லை.

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்தேன். 12-க்குக் கீழே இருந்தவர்களை வகுப்புவாரியாகத் தட்டச்சு செய்தேன். பெயர், வகுப்பு, ஹீமோகுளோபின் அளவு. அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலும் வருகை குறைந்தவர்கள் பட்டியலும் ஒட்டுகிற அதே பலகை. அடியில், "மேற்கண்டோர் மாத்திரை பெற்றுக்கொள்ளத் தமிழ்த்துறைக்கு வரவும்" என்று எழுதினேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். ஒருத்தியும் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

யாரோ ஒருத்தி அதைக் கைபேசியில் படம் எடுத்திருக்கிறாள்.

பட்டியலில் வரலாற்றுத் துறை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். பண்ருட்டி பக்கத்துக் கிராமம். அவளுடைய எண் 7.9. ஒரு வாரம் கழித்து வகுப்புக்கு வருவது நின்றது. மூன்றாவது வாரம் அவள் தோழிதான் சொன்னாள். அவளுக்குச் சொந்தத்தில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். படம் அந்த வீட்டுக்குப் போய்விட்டது. "ரத்தம் இல்லாத பொண்ணு நாளைக்கு எப்படிப் புள்ள பெத்துக்கும்" என்று மாப்பிள்ளையின் அம்மா பேச்சை முறித்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவள் அம்மா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. எழுந்து நாற்காலி போட்டார். "நல்லதுக்குத்தான் செஞ்சீங்கன்னு தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே டீ போடப் போனார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

"அந்தக் கல்யாணம் எனக்கும் வேணாந்தான் மேம். மூணாவது வருஷம் முடியட்டும்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரும் பாதி எறங்கி வந்திருந்தாரு. இப்ப அவங்களா வேணாம்னு போயிட்டாங்க. நான் வேணாம்னு சொன்னது இனிமே யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரத்தம் இல்லாத பொண்ணுன்னுதான் ஞாபகம் இருக்கும்."

கல்யாணம் நின்றது நல்லதுதானே என்று ஒரு நொடி என் மனம் சமாதானம் தேடியது உண்மை. அவள் பேசி முடித்ததும் அந்தச் சமாதானம் போய்விட்டது. வீட்டில் தன் வார்த்தையால், தன் பொறுமையால் அவள் மெல்ல மெல்லச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒன்றை நான் ஒரு காகிதத்தால் பறித்துவிட்டேன். அவள் ரத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆள் அவள். அதை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லாமல் இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவளும் அவளே. நான் ஊருக்குச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 7.9 என்பது தமிழ்த்துறைக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகிற எண் இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய எண். நான் அதைச் சரிபார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

அவள் கல்லூரிக்குத் திரும்பியதற்கு நான் காரணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. "அதுக்காவது போகட்டும்" என்றாராம் அப்பா.

*

பட்டியலைக் கிழித்துவிட்டேன். தலைவிகள் இருவரும் இறுதியாண்டுத் தேர்வு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நிறுவனத்துக்கு, எங்களால் தொடர முடியவில்லை என்று கடிதம் எழுதி வைத்து அனுப்பாமல் இருந்தேன். சாப்டர் க்ளோஸ் என்றுதான் நினைத்தேன்.

கல்லூரி திறந்த இரண்டாவது வாரம் நான்கு பெண்கள் துறைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் அவள்தான். இப்போது மூன்றாமாண்டு.

"மேம், அதை மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்."

நல்லது என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க கையெழுத்துப் போடணும். அப்புறம் கொஞ்சம் பின்னாடி இருக்கணும்."

கோடு போட்ட நோட்டு ஒன்றைக் காட்டினாள். ஐந்து விதிகள் எழுதியிருந்தார்கள்.

பரிசோதனையில் வரும் எண்ணை மடித்த சீட்டில் எழுதி அந்தப் பெண்ணிடம் மட்டும் தர வேண்டும். பெயர்ப் பட்டியல் கூடாது. தொடர்ந்து பார்க்க ஆளுக்கு ஒரு குறி எண். அது யாருடையது என்பது அவளுக்கும் செவிலியருக்கும் மட்டும் தெரியும். பரிசோதனை நடக்கும் அறையில் யாரும் படம் எடுக்கக் கூடாது. தலைவர்கள் இருவரில் ஒருத்தி விடுதிப் பெண், ஒருத்தி பேருந்தில் வருகிறவள். எப்போதும் ஒருத்தி இரண்டாமாண்டாக இருக்க வேண்டும். ஐந்தாவது விதியைப் படித்தபோது சிரித்துவிட்டேன். "மேடையில் யாரும் 'நாளைய தாய்மார்கள்' என்று பேசக் கூடாது."

நான்காவது விதி எவ்வளவு அவசியம் என்பது பின்னால்தான் புரிந்தது. மூன்றாமாண்டுப் பெண்கள் ஏப்ரலோடு போய்விடுவார்கள். அவர்களோடு அமைப்பும் போய்விடும். ஜூனில் ஆசிரியர் மட்டும் மிச்சம் இருப்பார். பல கல்லூரிகளில் மாணவர் அமைப்பு ஆசிரியரின் அமைப்பாக மாறுவது இப்படித்தான். அடுத்த ஆண்டு நடத்தப்போகிறவள் இந்த ஆண்டே உடன் இருந்தால் சாவி அவர்களிடமே இருக்கும்.

விடுதிப் பெண்ணையும் பேருந்துப் பெண்ணையும் பிரித்ததற்கும் காரணம் இருந்தது. அவர்களுடைய பசி வேறுவேறு. பேருந்தில் வருகிறவள் காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். வீட்டில் இட்லி அவிவதற்குள் பேருந்து போய்விடும். பதினோரு மணிக்கு ஒரு டீ, ஒரு பன். வீட்டில் ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு அம்மாவோடு சேர்ந்து மிச்சத்தில் உட்காருகிறாள். விடுதியிலோ சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, ஆனால் டிபனோடு டீயும் வருகிறது. உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா அதற்கு உதவும். இதைச் சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை. ஆனால் விடுதியில் டீ நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க அவர்கள் வார்டனிடம் மூன்று முறை போக வேண்டியிருந்தது. "ஆம்பளப் பசங்க ஹாஸ்டல்ல யாராவது டீய மாத்துன்னு கேப்பாங்களா?" என்றாராம் அவர். நான்காவது முறை அவர்களே ஃபிளாஸ்க்கோடு போனார்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் ஒரு வருடம் கண்டுபிடிக்காததை அவர்கள் ஒரு மாலையில் கண்டுபிடித்தார்கள். வாங்கிப் போனவர்களில் பலர் விழுங்கவே இல்லை. என்னிடம் கேட்டால் "சாப்பிட்டேன் மேம்" என்பார்கள். தோழியிடம் உண்மை வந்தது. குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது. அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம், ராத்திரி சாப்பிட்டபின் போடு. குமட்டல் அதிகமானால் நிறுத்தாதே, செவிலியரிடம் கேள். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு விடுதியில் ஒருத்தி கதவு தட்டுவாள், எல்லாரும் ஒன்றாகப் போடுவார்கள். பேருந்துப் பெண்களுக்கு அதே நேரத்தில் ஒரு 'மிஸ்டு கால்'.

பிறகு ரத்தப்போக்கைப் பற்றிய பேச்சு. என் முன்னால் அது நடந்திருக்காது. ஒன்பது நாள், பத்து நாள் போகிறது என்று சிலர் சொன்னார்கள். "எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்." அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான். ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த வருடம் மூன்று பெண்கள் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள், ஒவ்வொருத்தியுடனும் இரண்டு தோழிகள். யார் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குப் பழகிக்கொண்டேன்.

*

ஒருநாள் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. நாக் கோப்புக்கு ஆதாரம் வேண்டும். பரிசோதனை செய்துகொண்டவர்களின் பெயர், கையெழுத்து, அளவு, படங்கள். தலைவிகள் எண்ணிக்கை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இது என்னம்மா, வெறும் எண்ணிக்கை? யார் நம்புவாங்க? உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லி லிஸ்ட் வாங்கிக் கொடுங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மேலே கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அவர் மேசையில்தான் இருந்தது. படியிறங்கி வரும்போது எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். கொடுத்துவிடச் சொல்லலாம், பலகையில் ஒட்டப் போவதில்லையே, கோப்புக்குள்தானே இருக்கும் என்று தோன்றியது.

அவளிடம் சொன்னேன். நோட்டைத் திறந்து காட்டினாள். குறி எண்கள் மட்டும்.

"கொடுக்கறதுக்கு எங்ககிட்ட லிஸ்டே இல்ல மேம். இருந்தா ஒருநாள் கொடுத்துடுவோம்னு தெரியும். அதான் வெச்சுக்கல."

'கொடுத்துடுவோம்' என்றபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று புரிந்தது.

மறுபடி படியேறினேன். பட்டியல் இல்லை, இருக்கப் போவதுமில்லை, காரணம் இது, முன்னால் நான் செய்த தவறு இது என்று முழுவதும் சொன்னேன். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் மேலதிகாரியிடம் நான் முதன்முறையாக வாயால் சொன்ன 'இல்லை' அதுதான். முதல்வர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் எண்ணிக்கையும், செவிலியரின் கையொப்பமும், ஆளில்லாத மேசையில் மடித்த சீட்டுகள் நிறைந்த பெட்டியின் படமும் கோப்பில் ஏறின.

அதே வாரம் வகுப்பில் குறளின் 119-ஆம் அதிகாரம், பசப்புறு பருவரல். பிரிவால் தலைவியின் மேனி நிறம் மாறுவதைப் பத்தொன்பது வருடமாக ஒரே மாதிரி நடத்தி வருகிறேன். ஒருத்தி எழுந்தாள். "அவளுக்கு ஹீமோகுளோபின் பாத்தாங்களா மேம்?" வகுப்பு வெடித்துச் சிரித்தது. பெண்ணுடல் வெளிறிப் போனால் அதற்கு ஓர் ஆணைக் காரணமாக்கிப் பழகிய என் கண்ணை அந்தக் கேள்வி கொஞ்சம் திருப்பியது. கவிதை கவிதைதான். ஆனால் வெளிறிய பெண்ணைக் கண்டால் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

அடுத்த பரிசோதனையில் நானும் விரலை நீட்டினேன். அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டை மடித்துக் கையில் வைத்துவிட்டு அந்த மாணவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விதி அப்படி. பேருந்தில் உட்கார்ந்து பிரித்தேன். 9.2. மாடிப்படியில் வாங்கும் மூச்சு, சாயங்காலமானால் வரும் எரிச்சல், ஒரு வரிகூட எழுத வராத மாதங்கள். இவற்றையெல்லாம் நான் வயது என்றும் மனநிலை என்றும் சொல்லி வைத்திருந்தேன். நாற்பதுக்குப் பிறகு மாதந்தோறும் கூடிக்கொண்டே போன ரத்தப்போக்கை யாரிடமும் சொன்னதில்லை. மாணவிகளுக்கு அறிவுரை சொல்லி அனுப்பிய அதே மருத்துவமனையின் வரிசையில் நானும் போய் நின்றேன்.

என் எண் என்ன என்று இன்றுவரை ஒரு மாணவியும் கேட்கவில்லை. இங்கே அதை எழுதியிருப்பது நானாக எடுத்த முடிவு. அந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அந்த ஏப்ரலில் பட்டம் வாங்கிப் போய்விட்டாள். போவதற்கு முன் நோட்டை இரண்டாமாண்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். என்னிடம் இல்லை.

இப்போது வேறு கல்லூரிகளிலிருந்து தோழிகள் கேட்கிறார்கள், எப்படித் தொடங்குவது என்று. நான் போவதில்லை. மாணவிகள் இரண்டு பேர் கட்டணமில்லாப் பேருந்தில் அந்த நோட்டோடு போய் வருகிறார்கள். என் பங்காக நான் ஆசிரியர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். செவிலியரின் எண்ணைக் கொடுங்கள். 8-க்குக் கீழே வந்தால் அன்றைக்கே போக ஒரு வண்டிக்கு வழி செய்யுங்கள். மேலிருந்து பட்டியல் கேட்டால் அவர்கள் முன்னால் நில்லுங்கள். மற்ற நேரங்களில் பின்னால் இருங்கள்.

போன முறை ரத்ததான முகாமின்போது வரவேற்பு மேசையில் எங்கள் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சொட்டு மிதந்து திரும்பிய ஒவ்வொருத்தியையும் ஓரமாக அழைத்து, மெல்லிய குரலில் ஏதோ சொல்லி, ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். மாலையில் அறிக்கைப் படிவம் கையெழுத்துக்காக என்னிடம் வந்தது. "14 யூனிட்" என்பதற்குக் கீழே, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். "திரும்பியவர்கள்: 31. அனைவரிடமும் பேசப்பட்டது."

கையெழுத்துப் போட்டேன்.